குசினித் தரைக்கு மின்சூடு: இங்கிலாந்து வீடுகளுக்கான கேள்வி பதில்

லண்டனிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் நம்மவர்கள் வீடு வாங்கினால் முதலில் இடிபடுவது குசினிதான். பின்பக்கம் நீட்டிக் கட்டி, தோட்டத்துப் பக்கம் பெரிய கண்ணாடிக் கதவு வைத்து, பளபளவென்று போர்சலின் டைல் போட்டுவிடுவோம். நவம்பர் வந்தபிறகுதான் அந்தத் தரையில் வெறுங்காலோடு நிற்க முடியாது என்பது தெரியவரும். வீட்டுக்குள் செருப்புப் போடாத பழக்கம் உள்ள நமக்கு இது மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே உறைக்கும்.

மின்வேலை செய்பவன் என்பதால், டைலுக்கு அடியில் போடும் மின்சூட்டைப் பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வது இங்கிலாந்துக்கு உரியது.

டைலுக்கு அடியில் உண்மையில் என்னதான் இருக்கிறது?

மூன்று, நான்கு மில்லிமீட்டர் தடிப்புள்ள கேபிள் ஒன்று. அதை வலையில் பாம்பு போல வளைத்து ஒட்டி, அரை மீட்டர் அகலமான சுருளாக விற்கிறார்கள். இதைத்தான் மேட் என்பார்கள். மின்சாரம் போனால் கேபிள் சூடாகும், சூடு டைலுக்கு ஏறும். சுவரில் ஒரு தெர்மோஸ்டாட், தரைக்குள் ஒரு சென்சார். அவ்வளவுதான். ஓடும் பாகமோ பராமரிப்போ கிடையாது. டைல் ஒட்டிய பிறகு கைவைக்கவும் முடியாது என்பதுதான் இதில் உள்ள ஒரே சிக்கல். இந்தப் பக்கத்தில் நான் நீட்டி முழக்கும் இடங்கள் எல்லாம் டைலுக்குக் கீழே நடக்கும் வேலையைப் பற்றியதாக இருப்பது அதனால்தான்.

இதைப் போட்டால் ரேடியேட்டரைக் கழற்றிவிடலாமா?

கழற்றத்தான் எல்லோருக்கும் ஆசை. சுவரில் இடம் மிச்சமாகும், இன்னொரு அலுமாரி வைக்கலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். தரை, அறைக் காற்றைவிட ஒரு டிகிரி கூடுதலாக இருந்தால் ஒரு சதுர மீட்டரிலிருந்து ஏறத்தாழ 10 வாட் சூடு வெளிவரும். அறை 20 டிகிரி, தரை 28 டிகிரி என்றால் சதுர மீட்டருக்கு 80 வாட். அலுமாரிகள் போக வெறுமனே கிடக்கும் தரை 7 சதுர மீட்டர் என்றால் மொத்தம் 560 வாட். அது ஒரு சிறிய ரேடியேட்டர் தரும் சூடு.

புதிதாகக் கட்டி, சுவருக்கும் கூரைக்கும் நன்றாக இன்சுலேஷன் வைத்த சிறிய குசினிக்கு இது போதலாம். ஒற்றைச் செங்கல் சுவரும் அகலக் கண்ணாடிக் கதவும் உள்ள பழைய நீட்டிப்புக்குப் போதவே போதாது. கழற்றுவதற்கு முன் அறையின் வெப்ப இழப்பைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். கணக்குப் போடாமலே "தாராளமாகப் போதும்" என்று கடைக்காரர் சொன்னால் ரேடியேட்டர் அங்கேயே இருக்கட்டும்.

மின்கட்டணம் எகிறிவிடாதா?

7 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு 150 வாட் மேட். மொத்தம் 1,050 வாட். காலையில் 2 மணி நேரம், மாலையில் 4 மணி நேரம் ஓடுகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு முறையும் முதல் ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓடும்; அது 2.1 யூனிட். பிறகு தெர்மோஸ்டாட் போட்டுப் போட்டு நிறுத்தும், சராசரி 600 வாட் அளவில் நிற்கும்; மீதி 4 மணி நேரத்துக்கு 2.4 யூனிட். ஆக ஒரு நாளைக்கு 4.5 யூனிட். யூனிட் 25 பென்ஸ் என்றால் நாளுக்கு ஒரு பவுண்டும் சில்லறையும், மாதத்துக்கு 34 பவுண்டு அளவில்.

குளிர்கால மாதங்களுக்கு மட்டும் இது பலருக்குக் கட்டுப்படியாகும். ஆனால் நாள் முழுக்கப் போட்டு வைத்தால் கட்டாது. இங்கே ஒரு யூனிட் எரிவாயுவின் விலை ஒரு யூனிட் மின்சாரத்தின் விலையில் ஏறத்தாழக் கால்வாசிதான். அதனால் வீட்டைச் சூடாக்கும் வேலை பொய்லருக்கு, காலைச் சூடாக்கும் வேலை மேட்டுக்கு என்று பிரித்துக்கொள்வது நல்லது. மேலே போட்ட இந்தக் கணக்கு, சூடு கீழே போகாமல் தடுக்கும் இன்சுலேஷன் பலகை அடியில் இல்லாத தரைக்குப் பொருந்தாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அப்படியென்றால் தரைக்கு அடியில் ஓடும் சுடுதண்ணீர்க் குழாய் முறை நல்லதில்லையா?

நீட்டிப்பையே புதிதாகக் கட்டுகிறீர்கள், தரையைத் தோண்டத்தான் போகிறீர்கள் என்றால் ஆம், குழாய் முறையை யோசியுங்கள். போடும் செலவு அதிகம், ஓட்டும் செலவு குறைவு. வெப்பப் பம்ப் வைக்கும் எண்ணம் இருந்தால் இன்னும் பொருத்தம். ஏற்கெனவே உள்ள தரையின் மேல் டைல் மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால் மின்மேட்தான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

எங்கள் குசினி 12 சதுர மீட்டர். 12 சதுர மீட்டர் மேட் வாங்கவா?

வேண்டாம். அலுமாரிகள், பிரிட்ஜ், அடுப்பு, நடுவில் தீவு மேசை இருந்தால் அது, எல்லாவற்றையும் தாளில் வரைந்து கழித்துவிடுங்கள். 12 சதுர மீட்டரில் பெரும்பாலும் 7 அல்லது 8தான் மிஞ்சும். வாங்குவது அதைவிடவும் சற்றுச் சிறியதாக இருக்கட்டும். வலையை வெட்டித் திருப்பலாம். கேபிளை வெட்டவே கூடாது. வெட்டினால் நீளம் குறையும், மின்தடை குறையும், மின்னோட்டம் கூடும், மீதிக் கேபிள் அளவுக்கு மேல் சூடாகும். மேட் மிஞ்சிவிட்டால் அதை ஒளித்து வைக்க இடமே இருக்காது. ஒரு மூலையில் கொஞ்சம் குளிர்ந்த தரை இருப்பதில் யாருக்கும் நட்டமில்லை.

அலுமாரிக்கு அடியிலும் போட்டால் சாமான்கள் ஈரமில்லாமல் இருக்குமே?

மேலே போக வழியில்லாத சூடு அங்கேயே தேங்கும். கேபிள் தன் எல்லையைத் தாண்டிக் கொதித்து, அந்த இடத்தில் கேபிளின் உறை பழுதாகும். அலுமாரி, பிரிட்ஜ், வாஷிங் மெஷின் எதற்கு அடியிலும் வேண்டாம்.

நம் வீடுகளில் இதற்கு மேல் ஒரு சங்கதி உண்டு. 20 கிலோ அரிசி மூட்டையை எங்கே வைக்கிறீர்கள்? எண்ணெய் டின், வெங்காயக் கூடை, பலகாரம் சுடும் பெரிய தாச்சி? பிரித்தானியக் கையேடுகள் தடித்த கம்பளத்தையும் மெத்தைப் பையையும் பற்றி எச்சரிக்கும். அவற்றை எழுதியவருக்கு அரிசி மூட்டையைத் தெரிந்திருக்காது. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் தரையோடு தரையாகக் கிடக்கும் மூட்டை, அலுமாரி செய்யும் அதே கெடுதலைச் செய்யும். அரிசிக்கும் நல்லதில்லை, வண்டு சீக்கிரம் வரும். வரைபடம் போடும்போதே மூட்டைக்கு என்று ஒரு மூலையைக் குறித்து, அங்கே மேட் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுவாமித் தட்டு தரையில் இருந்தால் அதற்கும் அப்படியே.

இன்சுலேஷன் பலகை கட்டாயமா? மேசன் "தேவையில்லை, காசு வீண்" என்கிறார்.

மேசனுக்கு அது ஒரு நாள் கூடுதல் வேலை, அதனால் அப்படித்தான் சொல்வார். கட்டாயம் போடுங்கள். நூறு பவுண்டு மிச்சம் பிடிக்கத்தான் வேண்டும் என்றால் தெர்மோஸ்டாட்டில் பிடியுங்கள், வைஃபை இல்லாததை வாங்குங்கள். பலகையில் மட்டும் பிடிக்காதீர்கள்.

காரணம் இதுதான். பழைய வீட்டுக் கொங்கிரீட் தரைக்கு அடியில் பெரும்பாலும் எந்த இன்சுலேஷனும் கிடையாது. கொங்கிரீட்டுக்குச் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் கொள்ளளவு அதிகம். அதன்மேல் நேரடியாக மேட்டை ஒட்டினால் முதலில் முழுக் கொங்கிரீட்டும் சூடாக வேண்டும், பிறகுதான் டைலுக்கு வரும். போட்டு இரண்டு மணி நேரம் ஆகியும் தரை இன்னும் வெதுவெதுப்பாகவில்லை என்று என்னைக் கூப்பிடும் வீடுகளில் அநேகமாகப் பலகை இருக்காது. மேட்டைச் சோதித்தால் சரியாக இருக்கும், தெர்மோஸ்டாட்டும் சரியாக இருக்கும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். காலை 6 மணிக்குப் போட்டது 8 மணிக்கு, எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பிய பிறகு, சூடாகும். பலகை இருந்தால் அதே மேட் அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் கால் உணரும் அளவுக்கு வந்துவிடும்.

வாங்க வேண்டியது இருபக்கமும் சிமெந்து பூசிய, அழுத்தி வார்த்த பொலிஸ்டைரீன் பலகை. 6, 10, 20 மில்லிமீட்டர் தடிப்புகளில் கிடைக்கும். கொங்கிரீட் தரைக்கு 10 மில்லியாவது வேண்டும்; உயரம் இடம் கொடுத்தால் 20. கொங்கிரீட்டின்மேல் டைல் பசையை முழுப் பரப்பிலும் பல்கரண்டியால் இழுத்து அதன்மேல் பலகையை அழுத்தி ஒட்ட வேண்டும். நான்கு மூலையில் நான்கு உருண்டை வைத்து ஒட்டினால் நடுவில் வெற்றிடம் விழும். பிறகு மேசைக்கால் அழுத்தும் இடத்தில் டைல் வெடிக்கும். பலகை மூட்டுகளைச் செங்கல் கட்டுவது போல மாற்றி மாற்றி வைத்து, மேலே வலைநாடா ஒட்ட வேண்டும்.

தரையில் வெடிப்பு இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். பழைய வீடும் புதிய நீட்டிப்பும் சேரும் கோடு எப்போதும் கொஞ்சம் அசையும். அந்தக் கோட்டைக் கேபிள் தாண்டிப் போகாதபடி இரு பக்கத்துக்கும் இரண்டு மேட்டாகப் பிரித்துப் போடுவது நல்லது.

தரை எவ்வளவு உயரும்?

பலகைக்கு அடியில் பசை 3 மில்லி, பலகை 10, மேட்டை மூடும் சமன்படுத்தும் கலவை 10, டைல் பசை 4, டைல் 10. கூட்டினால் 37 மில்லிமீட்டர். கதவின் அடியைச் செதுக்கலாம், ஹாலுக்குப் போகும் இடத்தில் சரிவுப் பட்டி வைக்கலாம். மாட்டிக்கொள்வது டிஷ்வாஷர்தான். அது ஏறத்தாழ 82 சென்டிமீட்டர் உயரம். மேசைத்தட்டுக்குக் கீழே உள்ள இடைவெளியில் வைத்திருப்பார்கள். அலுமாரிகளைக் கழற்றாமல் வெளித்தரையை மட்டும் உயர்த்தினால் டிஷ்வாஷர் பள்ளத்துக்குள் நிற்கும். முன்கால்களை இறக்கினாலும் மேசைத்தட்டு இடிக்கும், வெளியே இழுக்கவே முடியாது. அது பழுதாகும் அன்றைக்குக் கல் மேசைத்தட்டைக் கழற்ற வேண்டிவரும். ஒரு வீட்டில் அதையும் செய்ய முடியாமல் முன்வரிசை டைலை உடைத்தார்கள்.

அதனால் அளவுநாடாவை முதலில் டிஷ்வாஷருக்கு மேலே வையுங்கள். மேலே உள்ள இடைவெளி போதாது என்றால், அலுமாரிகளைக் கழற்றி அவற்றுக்கு அடியிலும் பலகை வைத்து, முழுத் தரையையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மேட் மட்டும் வெளியே.

எங்களுடையது 1930களின் வீடு, மரத்தளம். முடியுமா?

முடியும். மரத்தளம் ஒரு வகையில் நல்லது. இன்சுலேஷனை மரச்சட்டங்களுக்கு இடையிலேயே வைக்கலாம். ஆனால் தளத்தின் மரப்பலகைகள் ஆடக்கூடாது. நீங்கள் நடக்கும்போது அலுமாரிக்குள் கண்ணாடிக் குவளை கிலுகிலுத்தால் தளம் டைலுக்குத் தயாரில்லை. முதலில் ஆடும் பலகைகளைத் திருகி இறுக்கி, மேலே சிமெந்து பூசிய பலகையைத் திருகாணியும் பெரிய வாஷரும் கொண்டு நெருக்கமாகப் பொருத்த வேண்டும். வெளிச்சுவரின் அடியில் உள்ள காற்றுத்துளைகளை மட்டும் "குளிர் வருகிறது" என்று யாரும் அடைத்துவிடாமல் பாருங்கள். அடைத்தால் மரச்சட்டம் உளுத்துப்போகும்.

பழைய தரை டைலைக் கிளப்பும்போது கறுப்புப் பசை தெரிகிறது. சுரண்டலாமா?

நிறுத்துங்கள். பிரித்தானியாவில் அஸ்பெஸ்டஸ் (தூசி மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் நார்ப்பொருள்) முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 1999-ல். அதற்கு முந்திய வீடுகளில், சிறிய சதுரமான கடினப் பிளாஸ்டிக் டைலிலும் அதன் அடியில் உள்ள கறுப்புத் தார்ப் பசையிலும் அஸ்பெஸ்டஸ் இருக்க வாய்ப்புண்டு. சுரண்டவோ அரைக்கவோ வேண்டாம். ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பிச் சோதித்துவிட்டுத் தொடருங்கள், செலவு சிறியது.

சுருள் மேட் வாங்குவதா, தனிக் கேபிள் வாங்குவதா?

சதுரமான குசினிக்கு மேட். மூலை முடுக்கு அதிகமானால் தனிக் கேபிள்; இடைவெளியை நீங்களே தீர்மானிக்கலாம், ஆனால் நேரம் பிடிக்கும். குமிழ்கள் உள்ள பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டி அந்தக் குமிழ்களுக்கு நடுவே கேபிளைச் செருகும் முறையும் உண்டு. தரை கொஞ்சம் அசைந்தாலும் அந்த விரிப்பு டைலை வெடிக்காமல் காக்கும். மரத்தளத்துக்கு எனக்குப் பிடித்தது அதுதான், விலை கூடினாலும்.

வாட் அளவில் குழம்ப வேண்டாம். டைல் தரைக்கு 150 போதும். 200 வாங்கினால் கொஞ்சம் சீக்கிரம் சூடாகும்; உச்சச் சூட்டைத் தீர்மானிப்பது தெர்மோஸ்டாட்தான்.

நானே போட்டுக்கொள்ளலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

பலகை ஒட்டுவதும் மேட்டை விரிப்பதும் கைப்பழக்கம் உள்ள யாரும் செய்யலாம். மின் இணைப்பு வேறு விஷயம். வீட்டு மின்வேலைகளைக் கட்டுப்படுத்தும் பார்ட் பி விதி 2005-ல் வந்தது. 2013 ஏப்ரலில் இங்கிலாந்தில் அதைத் தளர்த்தினார்கள். இப்போது குசினியில் ஏற்கெனவே உள்ள சர்க்கியூட்டிலிருந்து இணைப்பு எடுத்தால் உள்ளூராட்சிக்கு அறிவிக்கத் தேவையில்லை. பியூஸ் பெட்டியிலிருந்து புதிய சர்க்கியூட் இழுத்தால் அறிவிக்க வேண்டும். என்ஐசிஇஐசி, நாபிட் போன்ற அமைப்பில் பதிவு செய்த மின்பணியாளர் செய்தால் அறிவிப்பை அவரே பார்த்துக்கொள்வார். வேல்ஸிலும் ஸ்கொட்லாந்திலும் விதி வேறு. அங்குள்ள மின்பணியாளரிடம் கேளுங்கள்.

அறிவிக்கத் தேவையில்லை என்பதற்காக எப்படியும் செய்யலாம் என்று அர்த்தமில்லை. பிஎஸ் 7671 என்ற மின்விதித் தொகுப்பில் தரைச்சூட்டுக்கு என்றே 753 என்று ஒரு பிரிவு இருக்கிறது. 30 மில்லியாம்பியர் ஆர்சிடி, அதாவது மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச், இருக்க வேண்டும். கேபிளைச் சுற்றியுள்ள உலோக உறை எர்த்தோடு இணைந்திருக்க வேண்டும்.

குசினி சொக்கெட் சர்க்கியூட்டிலிருந்து எடுத்தால் போதாதா?

சட்டப்படி போதும். 1,050 வாட் என்பது 5 ஆம்பியருக்கும் குறைவு. பியூஸ் வைத்த ஸ்பர், அதாவது அந்தச் சர்க்கியூட்டிலிருந்து பிரியும் கிளை இணைப்பு, தாங்கும். ஆனால் அதே சர்க்கியூட்டில் கேத்தில், டிஷ்வாஷர், வாஷிங் மெஷின், கிரைண்டர் எல்லாம் இருக்கின்றன. குளிர்காலச் சனிக்கிழமை காலையில் அத்தனையும் ஒன்றாக ஓடும். குசினியையே புதிதாகச் செய்கிறீர்கள் என்றால் தனி சர்க்கியூட் இழுத்துவிடுங்கள். அதற்கென்று தனி ஆர்சிடியும் வைத்தால், பிற்பாடு அது விழுந்தாலும் பிரிட்ஜ் அணையாது.

மேட் விரிக்கும் நாளில் கவனிக்க வேண்டியது என்ன?

மேட்டின் மின்தடை, அதாவது ஓம் கணக்கு. பெட்டியைத் திறந்ததும் முதல் வேலை மல்டிமீட்டரை எடுப்பது. மேட்டின் லேபிளில் தடை எவ்வளவு என்று எழுதியிருக்கும். இல்லாவிட்டாலும் நீங்களே போடலாம்: 230-ஐ 230-ஆல் பெருக்கி வாட்டால் வகுங்கள். 1,050 வாட் மேட்டுக்கு 52,900-ஐ 1,050-ஆல் வகுத்தால் 50 ஓம் சொச்சம். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 5 சதவீதம் குறைவையும் 10 சதவீதம் கூடுதலையும் ஏற்பார்கள். ஆக 48-க்கும் 55-க்கும் நடுவில் வர வேண்டும். முடிவில்லாத எண் காட்டினால் கேபிள் எங்கோ அறுந்திருக்கிறது. மிகக் குறைவாகக் காட்டினால் உள்ளே ஷோர்ட். விரிக்காமல் அப்படியே கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். விரித்த பிறகு யார் பக்கம் தவறு என்று வாதாட முடியாது.

பிறகு கேபிள் உறையின் இன்சுலேஷன் சோதனை: இரண்டு கம்பிகளையும் சேர்த்து, அவற்றுக்கும் எர்த்துக்கும் இடையே 500 வோல்ட் டிசி கொடுத்து அளப்பது. இதற்குச் சாதாரண மல்டிமீட்டர் உதவாது, மின்பணியாளரிடம் உள்ள கருவி வேண்டும். தெர்மோஸ்டாட்டை இணைக்காமல் செய்ய வேண்டும். இணைத்துச் செய்தால் தெர்மோஸ்டாட் போய்விடும்.

இந்த இரண்டு அளவையும் மூன்று முறை எடுங்கள்: பெட்டியில் இருக்கும்போது, விரித்து ஒட்டிய பிறகு, டைல் போட்ட பிறகு. மூன்றையும் உத்தரவாதத் தாளில் தேதியோடு எழுத இடம் விட்டிருப்பார்கள். அந்தக் கட்டங்கள் காலியாக இருந்தால் பல நிறுவனங்கள் உத்தரவாதத்தை ஏற்காது.

விரிக்கும்போது கேபிள்கள் ஒன்றையொன்று தொடவோ தாண்டவோ கூடாது. சூடாகும் கேபிளும் சூடாகாத இணைப்பு வயரும் சேரும் முடிச்சு கொஞ்சம் தடிப்பாக இருக்கும். அதற்காகப் பலகையில் சிறு பள்ளம் வெட்டி உட்கார வையுங்கள். அந்த முடிச்சு முழுக்கத் தரைக் கலவைக்குள் இருக்க வேண்டும், சுவருக்குள் ஏறக்கூடாது. அதன்மேல் டேப் ஒட்டுவதும் கூடாது. டேப்புக்குள் காற்று அடைபட்டுச் சூடு தேங்கும்.

கடைசியாக, கலவை ஊற்றுவதற்கு முன் அளவுநாடாவைத் தரையில் விரித்து வைத்துப் படம் எடுங்கள். சுவரிலிருந்து முதல் கேபிள் எவ்வளவு தூரம், முடிச்சு எங்கே, சென்சார் எங்கே என்பது படத்தில் தெரிய வேண்டும்.

சென்சாரைக் கேபிளோடு சேர்த்து ஒட்டினால் என்ன?

கேபிளை ஒட்டி வைத்தால் அதன் சூட்டைத்தான் சென்சார் சொல்லும். தரை சூடாகுமுன்பே தெர்மோஸ்டாட் அணைந்துவிடும். இரண்டு கேபிள் வரிகளுக்குச் சரி நடுவில், சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி, நீங்கள் உண்மையில் நிற்கும் இடத்தில் வையுங்கள். நேரடியாகப் புதைக்காமல் நுனி அடைத்த மெல்லிய குழாய்க்குள் செருகினால், பழுதானால் இழுத்து மாற்றலாம். குழாய் வைக்க உயரம் இல்லையா? இரண்டு சென்சார் புதைத்து இரண்டின் வயரையும் தெர்மோஸ்டாட் பெட்டிவரை கொண்டுவாருங்கள். இரண்டாவது சென்சார் சில பவுண்டுதான்.

தெர்மோஸ்டாட்டை அடுப்புப் பக்கச் சுவரில் வைக்க வேண்டாம். நாம் தாளிக்கும் சூட்டிலும் ஆவியிலும் அதன் காற்றுச் சென்சார் அறை 26 டிகிரி என்று நினைத்துக்கொள்ளும்.

டைல் போடுபவரிடம் தனியாக என்ன சொல்ல வேண்டும்?

மேட்டை முதலில் சமன்படுத்தும் கலவையால் மூடி, காய்ந்த பிறகு டைல் ஒட்டச் சொல்லுங்கள். நேரே மேட்டின்மேல் பசை பூசி ஒட்டவும் பலர் செய்வார்கள். ஆனால் இரும்புப் பல்கரண்டியின் ஒரு கீறல் போதும், கேபிள் போய்விடும். கலவைக்குள் போன கேபிளை யாரும் கீற முடியாது. பசை வளையும் தன்மை உள்ளதாக, எஸ்1 என்று குறித்ததாக இருக்கட்டும். டைலின் அடியில் பசை முழுமையாகப் பரவ வேண்டும். வெற்றிடம் இருந்தால் அங்கே கேபிள் காற்றில் வேகும்.

வேலை நடக்கும்போது மேட்டின் நுனியில் மாட்டி வைக்கும் சிறிய அலாரம் ஒன்று விற்கிறார்கள். கேபிள் அறுந்தால் அப்போதே அலறும். டைல் போடுபவர் முகம் சுளித்தாலும் மாட்டுங்கள்.

டைல் போட்ட அன்றே போட்டுப் பார்க்கலாமா?

மின்தடையை மட்டும் அளந்து பாருங்கள், சுவிட்சைப் போடாதீர்கள். பசையும் கலவையும் தாமாகக் காய வேண்டும். பையில் எத்தனை நாள் என்று எழுதியிருக்கும். பொதுவாக ஒன்று, இரண்டு வாரம். புதிதாகத் தடித்த சிமெந்துத் தளம் போட்டிருந்தால் இன்னும் பல வாரங்கள். சூடேற்றிக் காயவைத்தால் பசை சுருங்கி டைல் கழன்றுவிடும். முதல் முறை போடும்போதும் 18 டிகிரியில் தொடங்கி நாளுக்கு இரண்டு டிகிரி கூட்டுங்கள்.

எத்தனை டிகிரியில் வைப்பது?

26, 27-ல் தொடங்குங்கள். மனிதர்கள் நடமாடும் தரைக்கு 29 டிகிரிதான் ஐரோப்பியத் தரங்களின் உச்ச வரம்பு. அதைத் தாண்டினால் கால் வியர்க்கும். டைலைத் தொட்டுப் பார்த்து "சூடே இல்லையே" என்பார்கள். கையைவிடக் குளிர்ச்சியாக இருக்கும் பரப்பு கைக்குச் சூடாகத் தெரியாது. காலால் பார்க்க வேண்டும். பின்னேரம் 5 மணிக்குத் தரை சூடாக வேண்டும் என்றால் நேரக் கட்டத்தில் 5 மணி என்றே வையுங்கள். இப்போதைய தெர்மோஸ்டாட்கள் எத்தனை நிமிடம் முன்பே தொடங்க வேண்டும் என்பதைத் தாமே கற்றுக்கொள்ளும்.

டைல் வேண்டாம், மரம் அல்லது வினைல் போடலாமா?

அடுக்கு மரமும் வினைலும் பெரும்பாலும் சரி, 27 டிகிரிக்கு மேல் போகாமல் தெர்மோஸ்டாட்டில் பூட்டி வைத்தால். முழு மரம் வளையும், வேண்டாம். லேமினேட்டுக்கு அடியில் போட அலுமினியத் தகட்டு மேட் தனியாக வருகிறது. எதை வாங்கினாலும் தரைப் பொருளின் பெட்டியில் தரைச்சூட்டுக்கு ஏற்றது என்று இருக்கிறதா பாருங்கள். போர்சலினுக்கும் கல்லுக்கும் ஈடாக எதுவும் சூட்டைக் கடத்தாது என்பது என் கட்சி.

குழம்புச் சட்டி கவிழ்ந்தால், தண்ணீர் தேங்கினால் ஷாக் அடிக்குமா?

அடிக்காது. கேபிளுக்கு இரண்டு அடுக்கு உறை, அதைச் சுற்றி எர்த் உறை, மேலே ஆர்சிடி. குளியலறைகளிலேயே இதைத்தான் போடுகிறார்கள்.

பிற்காலத்தில் பழுதானால் முழுத் தரையையும் உடைக்க வேண்டுமா?

முதலில் சென்சாரையும் தெர்மோஸ்டாட்டையும் பாருங்கள். பழுது பெரும்பாலும் மேலேதான். சென்சாரைக் கழற்றி அளந்தால் பல வகைகளில் 25 டிகிரியில் 10 கிலோ ஓம் அளவில் காட்டும். சரியான எண் கையேட்டில் இருக்கும். கேபிள்தான் போயிருக்கிறது என்றால், பழுது தேடும் கருவியும் வெப்பக் கமராவும் வைத்திருப்பவர்கள் இடத்தைக் குறித்துத் தருவார்கள். ஒரு டைலை, அதிகம் போனால் இரண்டைக் கிளப்பி, கேபிளை ஒட்டும் கிட்டால் சரிசெய்யலாம். அதனால் டைல் வாங்கும்போதே ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரணில் போடுங்கள். ஐந்து வருடம் கழித்து அதே நிறம் கடையில் கிடைக்காது.

இப்படி நான் பார்த்த பழுதுகளில் அதிகம், கதவு சுவரில் இடிக்காமல் இருக்கத் தரையில் திருகும் ரப்பர் குமிழால் வந்தவை. கதவு மாட்டுபவர் துளை போடுவார், துளைக்கருவி நேரே கேபிளில் இறங்கும். கேபிள் விரித்தபோது எடுத்த அந்தப் படத்தின் ஒரு பிரதியைப் பியூஸ் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டி, "தரையில் துளை போடாதே" என்று ஆங்கிலத்திலும் எழுதி வையுங்கள். வீட்டை விற்கும்போது மின்சான்றிதழ், மூன்று அளவுகள் எழுதிய உத்தரவாதத் தாள், இந்தப் படம் மூன்றையும் வழக்கறிஞரிடம் கொடுத்தால் வாங்குபவர் பக்கத்துக் கேள்விகள் அத்தோடு முடியும்.